காதியாருக்கு நான் எழுதிய கடிதம்

சென்ற மாதம் புத்தளத்தில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்ற மிட்வைஃப் ஒருத்தியை முன்வரிசைக் கதிரையில் இருத்தி வைத்தால் கூட்டத்துக்கு ஒரு மரியாதை வரும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் தம்பி நல்ல பிள்ளைதான், சப்பாத்தின் பளபளப்பு மட்டும் கண்ணைக் கூச வைத்தது. குழந்தையின் மனதில் என்ன ஓடுகிறது என்று விளங்கிக்கொள்ளும் தாயிடம் குழந்தை பயமில்லாமல் ஒட்டிக்கொள்ளும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். முப்பத்து மூன்று வருடம் சைக்கிளிலும் பிறகு ஸ்கூட்டியிலும் வீடு வீடாகப் போனவளுக்கு இதைச் சொல்ல மின்சாரம் வேண்டுமா என்று தோன்றியது. ஆனாலும் சொன்னது சரி. குறை சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு படிவம் கொடுத்தார். பதினொரு கட்டங்கள். தாயையும் பிள்ளையையும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்து, பிள்ளையின் ஆசை, கோபம், நினைப்பு பற்றித் தாய் எத்தனை தரம் வாய் திறக்கிறாள் என்று கோடு போட்டு எண்ண வேண்டுமாம். எண்ணிக்கை கூடினால் நல்ல தாய். குறைந்தால் 'மேலதிகக் கவனிப்புத் தேவை'. எனக்குப் பக்கத்தில் இருந்த இளம் மிட்வைஃப் மெதுவாகக் குனிந்து, எத்தனை தரம் கதைத்தால் போதும் மிஸ்ஸி என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புரியாணி பார்சல் வந்துவிட்டது. எங்கள் நாட்டில் புரியாணி பார்சலுக்குப் பிறகு எந்தப் பட்டறையும் உயிரோடு இருந்ததில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றரை வருடம். பிரசவம் பார்க்கப் படித்தேன், தராசில் நிறை பார்க்கப் படித்தேன், பதிவேட்டில் எழுதப் படித்தேன். மூன்றாவதில்தான் நான் முதலிடம். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அதனால் அதில் எழுதியதெல்லாம் உண்மை என்று மற்றவர்களைவிட நானே அதிகமாக நம்பினேன்.

எனக்குக் கிடைத்த பிரிவு கற்பிட்டி வீதியோரம், கடல்நீர்க் களப்புப் பக்கம். மிஸ்ஸி, மிட்வைஃபை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், வருகிறாள் என்ற செய்தி வீதிமுனையில் கேட்டால் போதும், அந்த வீடுகளில் நாடகம் தொடங்கிவிடும். கதிரையைத் துடைப்பார்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டிப் பவுடர் அப்புவார்கள். பெற்றவளை அறைக்குள் அனுப்பிவிட்டு மாமியார்க்காரி வந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வாள். தாய்ப்பால் குடிக்கிறதா என்று கேட்டால்கூட மாமியார்தான் ஓம் என்பாள். நானும் அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, 'தாயும் சேயும் நலம்' என்று மணிமணியாக எழுதிக்கொண்டு வருவேன்.

எனக்கு மேற்பார்வையாக வந்தவர் பெர்னடெட் மிஸ்ஸி. சிலாபத்துக்காரி. தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி கதைப்பார். எங்களை எல்லாம் நங்கி, சிங்களத்தில் தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். திட்டமாட்டார். திட்டினால்கூட மனம் ஆறியிருக்கும். என் பதிவேட்டை எடுத்து மடியில் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'பா' அல்லது 'கே' என்று போடுவார். நீ பார்த்ததா, கேட்டதா என்பதுதான் அதன் அர்த்தம். முதல் மாதம் என் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு 'கே', மூன்று 'பா'. அந்த மூன்றும் நிறை.

வீட்டுக்குப் போனால் அவர் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். முன்வாசலில் கதிரை போட்டால் உட்காரமாட்டார். குசினிப் பக்கமாகப் போய்ப் பலகையில் அமர்ந்து தேத்தண்ணீர் கேட்பார். தேத்தண்ணீர் வந்தால் குடிக்கமாட்டார், கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை வாயைத் திறக்கமாட்டார். பேசாத மனிதருக்கு முன்னால் எவ்வளவு நேரம்தான் நாடகம் போட முடியும்? மாமியாருக்கு அடுப்பில் வேலை வந்துவிடும், பெற்றவள் மெல்ல வெளியே வந்துவிடுவாள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையென்றால் தன் கறுப்புக் குடையைப் பட்டென்று விரிப்பார். பிள்ளை திடுக்கிடும். அவர் பிள்ளையின் கண்ணை மட்டும்தான் பார்ப்பார். யாரைத் தேடுகிறது, போய் ஒட்டிக்கொண்டபின் எவ்வளவு நேரத்தில் திரும்பிக் குடையை எட்டிப் பார்க்கிறது என்று பார்ப்பார். உடனே எட்டிப் பார்த்து, அதைத் தொடவும் வந்துவிட்டால் மிஸ்ஸிக்குத் திருப்தி. அந்த வீட்டைப் பற்றி ஒரே வரி எழுதி எழும்பிவிடுவார். எனக்கு அது பைத்தியக்கார வேலையாகத் தெரிந்தது. குடையை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்தவா அரசாங்கம் சம்பளம் தருகிறது என்று மற்ற மிட்வைஃப்மாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இனி நஸீமாவின் கதை. நடந்து பதினைந்து வருடம் இருக்கும்.

நஸீமா, தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வரும்போது கைக்குழந்தையாம். இருபது வருடம் கழிந்தும் அவர்கள் இருந்த குடியிருப்பை நாங்கள் முகாம் என்றோம், அவர்களை அகதி என்றோம். எங்கள் ஆண்கள் ஒரே பள்ளியில் தொழுதார்கள், நாங்கள் ஒரே கடையில் பாண் வாங்கினோம், ஆனாலும் அகதி. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த நானும் அப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது வாயில் ஒரு சுளிப்பு வரும், அதுவும் எனக்குத் தெரியும்.

அவளை எங்களூர் லொறி டிரைவர் ஒருவன் வீட்டை மீறிக் கலியாணம் முடித்து, பிள்ளைக்கு ஐந்து மாதமாகும்போது தலாக் சொல்லிவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான். நஸீமா உப்பளத்தில் வேலைக்குப் போனாள். மகன் அஸீமைப் பக்கத்து ஓலைக் கொட்டிலில் இருந்தவர்களிடம் விட்டுப் போவாள். டிரைவரின் அக்கா ஸுபைதா ராத்தாவுக்குப் பிள்ளை இல்லை. ஓட்டு வீடு, கிணறு, வாசலில் மாதுளை. தம்பியின் பிள்ளையைத் தன்னிடம் தரச் சொல்லி அவர் காதியாரிடம் போனார். எங்கள் ஆட்களின் விவாகரத்து, பிள்ளைப் பொறுப்பு எல்லாம் கேட்பவர் காதியார்தான். நிதானமான மனிதர். பிள்ளை இப்போது எப்படி வளர்கிறது என்று அந்தப் பகுதி மிட்வைஃப் எழுதித் தரட்டும் என்றார். பத்து மாதப் பிள்ளை யாரிடம் வளரும் என்பது என் பேனையின் நுனிக்கு வந்தது.

நஸீமாவின் கொட்டிலுக்கு ஒரு பின்னேரம் போனேன். உப்பளத்தால் அப்போதுதான் வந்திருந்தாள், குதிகால் எல்லாம் வெடிப்பு. தேத்தண்ணீர் தரட்டுமா என்று கேட்டாள். அங்கே தண்ணீர் உவர், வேண்டாம் என்றேன். அலுவலகத்து ஆள் வந்தால் முகாம் ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள், எத்தனை பேர் வந்து கணக்கெடுத்துப் போட்டோ பிடித்துப் போயிருப்பார்கள். அவளும் கேட்டதற்கு மட்டும் ஓம், இல்லை என்றாள். பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளை பாயில் இருந்தது. கோழியொன்று பக்கத்தால் போனது. வெயில் சாய்ந்த நேரம், அதன் நிழல் நீண்டு பாயில் விழுந்ததும் பிள்ளை விறைத்துப் போனது. நஸீமா கோழியைத் துரத்தவில்லை. பாயைப் பிள்ளையோடு கொட்டில் நிழலுக்குள் ஒரு முழம் இழுத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"கோழிக்கு அவன் பயமில்ல மிஸ்ஸி. கோழிட நெழலுக்குத்தான் பயம்."

சொன்னது போலவே பிள்ளை அடுத்த நிமிடம் கோழியின் வாலைப் பிடிக்கக் கையை நீட்டியது. இவளுக்கு மூளை கொஞ்சம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன். இருபது நிமிடத்தில் எழும்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையை ராத்தா வீட்டில் கொண்டுபோய் விடுவது ஏற்பாடு. அந்த வெள்ளி அங்கேயும் போனேன். கதிரையில் உட்கார்ந்தேன், முக்கால் மணி நேரம். கொழும்புத் தம்பியின் படிவம் அன்று கையில் இருந்திருந்தால் கோடு போட்டே கை வலித்திருக்கும். இவருக்கு, அதாவது பிள்ளைக்கு, மாமியின் வீடுதான் விருப்பமாம். இவர் என் பேனையைப் பார்க்கிறாராம், டாக்டராக வர நினைக்கிறாராம். இவர் சும்மா பொய்க்கு அழுவாராம், ஆளை ஏய்க்கப் பார்க்கிறாராம். ராத்தா பிள்ளையின் மனதைப் பற்றி ஓயாமல் கதைத்தார். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது, தலை சாய்ந்து சாய்ந்து வந்தது. விளையாட ஆசைப்படுகிறார் என்று சொல்லி ராத்தா கிலுகிலுப்பையை அதன் முகத்துக்கு நேரே ஆட்டினார். நான் சிரித்தேன். எனக்கும் நித்திரைக் கலக்கம் என்றால் என்னவென்று தெரியாதது போல.

ராத்தாவைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் தலைக்குள் பல வருடமாக ஒரு பிள்ளை தயாராக இருந்தது. உள்ள பிள்ளை வந்து அதற்குள் அடங்கினால் போதும் என்று இருந்தார். அவர் காத்திருந்த காலத்தை நினைத்தால் இரக்கம்கூட வரும். இரக்கம் வராதது எனக்கு என்மீதுதான்.

ஐந்து வரி எழுதினேன். பிள்ளையின் நிறை, வளர்ச்சி அட்டையில் பச்சைக் கோட்டுக்குக் கீழே. தாய் பகல் முழுதும் வீட்டில் இல்லை. தாய் பிள்ளையோடு கதைப்பதில்லை, அக்கறையில்லாதவளாகத் தெரிகிறாள். மாமியின் வீடு சுத்தமும் அன்பும் உள்ளது. பிள்ளை அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறது. இப்படியான கடிதத்தை மேற்பார்வை மிஸ்ஸி பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும். பெர்னடெட் மிஸ்ஸி தலவில் தேவாலயத் திருவிழாக் கடமைக்குப் போயிருந்தார், வர ஒரு கிழமைக்கு மேலாகும். என் அழகான கையெழுத்துக்கு யார் சாட்சி வேண்டும் என்று நானே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

ஆறு மாதத்துக்குப் பிள்ளை ராத்தாவிடம் இருக்கட்டும், நிறை தேறட்டும், பிறகு பார்ப்போம் என்றார் காதியார்.

பெர்னடெட் மிஸ்ஸி திரும்பி வந்து பிரதியைப் பார்த்தார். பென்சிலை எடுத்தார். முதல் வரிக்கு 'பா'. மூன்றாவது வரியில் நின்று, எத்தனை நேரம் இருந்தாய் என்று கேட்டார். சொன்னேன். தேத்தண்ணீர் குடித்தாயா என்று கேட்டார். தண்ணீர் உவர் என்றேன். மற்ற எல்லாவற்றுக்கும் 'கே' போட்டுவிட்டுக் கடதாசியை என் பக்கம் தள்ளினார்.

"இதில புள்ள எங்க நங்கி?"

எனக்குக் கோபம் வந்தது. தீர்ப்பு முடிந்த கதை, இனி ஏன் கிளறுகிறார் என்று இரண்டு கிழமை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிள்ளையைக் கொடுத்த அடுத்த நாள் நஸீமா கிளினிக்குக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவள் ஒரு செய்தி கொண்டுவந்திருந்தாள்.

"அவன் நித்திரைக்குப் போக முன்னம் காதைப் புடிப்பான் மிஸ்ஸி. என்ட காதுதான் வேணும் எண்டில்ல, யார்ட எண்டாலும் போதும். ராத்தாட்ட சொல்லுங்க, ஒரு காது குடுக்கச் சொல்லி."

ஓம், சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. ஓட்டு வீட்டுக்காரியிடம் போய் முகாம் பெண்ணின் சொல் என்று இதைக் கொண்டுபோனால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று சொல்லவில்லை.

ஏழாம் மாதம், பதினெட்டு மாத ஊசிக்கு ராத்தா பிள்ளையைக் கொண்டுவந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசம், நிறை பச்சைக் கோட்டுக்கு மேலே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெர்னடெட் மிஸ்ஸியும் அன்று கிளினிக்கில் இருந்தார், அவர் காதில் விழும்படி நிறையை உரத்து வாசித்தேன். ஊசி ஏற்றினேன். பிள்ளை அழவில்லை. வரிசையில் இருந்த தாய்மார் எல்லாம் மாஷா அல்லாஹ் என்றார்கள், என்ன நல்ல புள்ள என்றார்கள். ராத்தாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. முதலில் ஆள் சரியான குறும்பு என்று கதை சொல்லத் தொடங்கினார். படுக்கவைத்தால் ராத்தாவின் காதைப் பிடித்து இழுத்தாராம். கையில் இரண்டு தட்டுத் தட்டியதும் ஒரு மாதத்தில் விட்டுவிட்டாராம். இப்போது தனியாக விட்டாலும் சத்தமில்லாமல் நித்திரையாகிவிடுவாராம்.

என் கையில் பஞ்சு இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர்கள் போனபிறகு பெர்னடெட் மிஸ்ஸி பக்கத்தில் வந்து, ஊசி குத்தும்போது அவன் யாரைப் பார்த்தான் என்று கேட்டார். கிளினிக்கில் முப்பத்து மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் ஊசி ஏற்றியிருப்பேன். குத்தியவுடன் பிள்ளைகள் தலையைத் திருப்பி ஆளைத் தேடும். வாய் கோணும், ஆளின் முகம் கிடைத்தபிறகுதான் சத்தமே வரும். அஸீம் யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு வரிக்கு என்னால் துணிந்து 'பா' போட முடியும். அழுது பயனில்லை என்று படித்து முடித்த பிள்ளையை நாங்கள் எல்லோரும் சேர்ந்து நல்ல பிள்ளை என்று பாராட்டியிருக்கிறோம்.

அன்று பின்னேரமே காதியார் வீட்டுக்குப் போனேன். ஆறு மாதம் முடிந்து, பிள்ளையை ராத்தாவிடமே நிரந்தரமாக விடுவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம். என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நல்லாத்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றார். இதில் ஒரு வரிதான் நான் பார்த்தது, மற்றதெல்லாம் பொய் என்றேன். அப்படியானால் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். கோழியின் நிழலைச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார், சொன்னேன். காதைச் சொன்னேன், நான் கொண்டுபோகாத செய்தி என்றும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என் வேலைக்கு ஆபத்து வரும், மேலே முறைப்பாடு போகும் என்று தெரியும். போனது, விசாரணையும் வந்தது, ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. அது எனக்கு மிகக் குறைந்த தண்டனை.

அடுத்த கிழமை அஸீம் நஸீமாவின் கொட்டிலுக்கு வந்தான். ராத்தா அழுத அழுகை வீதிமுனை வரை கேட்டது. என்னைத் திட்டினார். திட்டட்டும், அவரையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று கதையை இங்கே முடிக்கலாம். பட்டறைகளில் அப்படித்தான் முடிப்பார்கள், சிரிக்கும் தாய், சிரிக்கும் பிள்ளை, நன்றி என்று ஒரு படம். ஐந்தாம் நாள் நான் போனபோது அஸீம் கொட்டிலின் மூலையில் தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். வந்த நாளிலிருந்து இப்படித்தான் என்றாள் நஸீமா. கொடுத்தால் தின்கிறான், படுக்கவைத்தால் படுக்கிறான், முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் நான்கு முழம் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளையைக் கூப்பிடவுமில்லை, தூக்கவுமில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பழைய புத்தி எங்கே போகும்? கூப்பிடு, தூக்கி வைத்துக் கொஞ்சு, கதை என்று உபதேசம் தொடங்கினேன்.

"கூப்பிட்டா வருவான் மிஸ்ஸி. இப்ப யார் கூப்பிட்டாலும் வருவான். அதுதான் கூப்பிடல்ல."

அவள் தேத்தண்ணீர் வைத்துத் தந்தாள். உவர்தான். கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

மூடி உருண்டு வாசல் பக்கம் போனது. அதன் பின்னால் ஓடியவன் வாசல் கட்டையில் தடுக்கி, நெற்றி அடிபட விழுந்தான். எழுந்து உட்கார்ந்தான். சத்தமில்லை, சுவரைத்தான் பார்த்தான். நஸீமா கீரையை விட்டுவிட்டாள், ஆனால் எழும்பவில்லை, அவன் பக்கமாகத் திரும்பி இருந்தாள். அவன் தலை மெல்லத் திரும்பியது. அவளைப் பார்த்தான். வாய் கோணியது. பிறகு வந்த சத்தத்துக்குப் பக்கத்துக் கொட்டில்களில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் கிட்டத்தான் இருந்தான், பாய்ந்து தூக்கக் கையை நீட்டினேன்.

"நீங்க தொடாதீங்க மிஸ்ஸி."

கையை எடுத்துக்கொண்டேன். அவன் எழும்பி அழுதுகொண்டே அவளிடம் போனான். போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் அவள் முகத்தில் அடித்தான். நெஞ்சில் அடித்தான். முந்தானையைக் கடித்து இழுத்தான். நஸீமா கையைக்கூடத் தூக்கவில்லை, முகத்தை விலக்கவுமில்லை. கன்னம் சிவந்துவிட்டது. போதும், பிடி அவனை என்று நான் சொன்னேன்.

"அடிக்கட்டும் மிஸ்ஸி. ஏழு மாசம் இத வெச்சிக்கிட்டு இருந்திருக்கான். வேற யாருக்குக் குடுப்பான்?"

அவன் அடித்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு சின்னக் கைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவளுக்கு விழுந்த ஒவ்வொரு அடியும் எனக்கு விழ வேண்டியது. அதை அவள் அறிந்திருந்தாள், நானும் அறிந்திருந்தேன். பிள்ளைக்கு மட்டும்தான் தெரியாது.